மறதி என்று வந்தவர்: ஒரு நுழைவுத் தேர்வுத் தயாரிப்பின் நிகழ்வு ஆய்வு

உளவியல் முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் ஒருமுறை தோற்று, இரண்டாம் முறைக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவி ஒருவருடன் 22 வாரங்கள் உட்கார்ந்ததன் பதிவு இது. அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். எந்தத் தேர்வு என்பதும் இங்கே முக்கியமில்லை, அமைப்பு தெரிந்தால் போதும். முதல் தாள் கொள்குறி வினாக்கள். ஒவ்வொரு தவறான விடைக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். இரண்டாம் தாளில் சிறு கட்டுரைகளும் புள்ளியியலும். இரண்டிலும் தேறினால் நேர்முகம்.

வந்தபோது

முதல் நாள் ஒரு பை நிறையப் புத்தகங்களோடு வந்தார். தடித்த பொதுப் பாடநூல் ஒன்று, வழிகாட்டி நூல்கள் நான்கு, கையால் எழுதிய குறிப்புகள் 380 பக்கம். பாடநூலைப் பிரித்தேன். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று மூன்று நிறத்தில் கோடுகள். கோடு விழாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

பகுதி நேர வேலைக்குப் போய் வந்தபின் நாள்தோறும் ஆறு மணி நேரம் படிப்பதாகச் சொன்னார். தூக்கம் ஐந்து மணி நேரம். முறையீடு ஒன்றே ஒன்று: "படிக்கும்போது எல்லாம் தெரிகிறது சார். தேர்வில் உட்கார்ந்தால் மறந்துபோகிறது." தயங்கிவிட்டு, தனக்குக் கவனக் குறைபாடு இருக்குமோ என்றும் கேட்டார். உளவியல் படிப்பவர்கள் ஒவ்வொரு கோளாறையும் பாடத்தில் சந்தித்ததும் ஒருமுறை தமக்குப் போட்டுப் பார்ப்பது வழக்கம்தான், நானும் பார்த்தவன். ஆனாலும் சிரித்துத் தள்ளிவிடவில்லை. பள்ளிக் காலம், வேலை, வீடு என்று விரிவாக விசாரித்தேன். சிறு வயதிலிருந்து தொடர்ந்து வரும் சிக்கல் எதுவும் தென்படவில்லை. அந்தக் கேள்வியை மூடிவிடாமல் ஓரமாக வைத்தேன். தூக்கத்தைச் சரிசெய்து, படிக்கும் முறையை மாற்றிய பிறகும் அப்படியே இருந்தால் உரிய நிபுணரிடம் போகலாம் என்று பேசிக்கொண்டோம்.

எந்தப் பிரிவில் சேர விருப்பம் என்றும் கேட்டேன். "மருத்துவ உளவியல், இல்லையென்றால் ஆலோசனை உளவியல். எது கிடைத்தாலும் சரி." அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளைத் தாள்

முந்தைய இரவு என்ன படித்தீர்கள் என்றேன். மறத்தல் பற்றிய அத்தியாயம் என்றார். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன்: "பத்து நிமிடம். நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதுங்கள்."

ஏழு வரி வந்தது. மறதியைச் சோதனை செய்து அளந்த எபிங்ஹாஸின் பெயரும் 1885 என்ற ஆண்டும் சரி. மறதி வளைகோட்டை அழகாகவே வரைந்திருந்தார். அதற்குக் கீழே குறுக்கீட்டின், அதாவது ஒரு பாடம் இன்னொன்றின் நினைவைக் கெடுப்பதன், இரண்டு வகைகள்: முன்னோக்குத் தடை, பின்னோக்குத் தடை. இரண்டின் விளக்கங்களும் இடம் மாறியிருந்தன.

பழையது புதியதைத் தடுத்தால் அது எந்த வகை என்று வாய்மொழியாகவும் கேட்டுப் பார்த்தேன். யோசிக்காமல் "பின்னோக்கு" என்றார். ஏன் என்றதற்கு, "பழையது பின்னால்தானே இருக்கிறது?" என்றார். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. தடை எங்கிருந்து கிளம்புகிறது என்று அவர் பார்த்தார். பெயர் வைத்தவர்களோ அது எந்தப் பக்கம் போய் விழுகிறது என்று பார்த்தார்கள். பழைய பாடம் முன்னோக்கிப் பாய்ந்து புதியதைக் கெடுத்தால் முன்னோக்குத் தடை, புதியது பின்னோக்கிப் போய்ப் பழையதைக் கெடுத்தால் பின்னோக்குத் தடை. அவர் எதையும் மறந்திருக்கவில்லை. இரண்டு சட்டைகளை ஒரே ஆணியில் மாட்டியிருந்தார், அவ்வளவுதான்.

இது ஒரு தடவை நேர்ந்த சறுக்கலா, வழக்கமே இதுதானா என்று பார்க்க 60 வினாக்களில் ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் 'உறுதி', 'ஐயம்', 'ஊகம்' என்று மூன்றில் ஒன்றைக் குறிக்கச் சொன்னேன். ஒன்றையும் விடாமல் எல்லாவற்றுக்கும் விடை அளித்தார். சரியானவை 27, தவறானவை 33. கழிவு போக 16 மதிப்பெண். முகம் வாடிப்போனது.

மதிப்பெண்ணை விட அந்த 33 தவறுகள்தான் எனக்கு வேண்டியிருந்தன. இருவரும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஏன் தவறிற்று என்று பிரித்தோம். படிக்கவே படிக்காத பகுதியிலிருந்து வந்தவை 7. 'பொருந்தாதது எது' என்பதைப் 'பொருந்துவது எது' என்று படித்தவை 4. கணக்கில் சறுக்கியவை 3. மீதி 19 வினாக்களும் ஒரே சாதி: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கருத்துகளில் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதியவை. எதிர்மறை வலுவூட்டலுக்குத் தண்டனை, திட்டப் பிழைக்குத் திட்ட விலக்கம், நம்பகத்தன்மைக்கு ஏற்புடைமை, உணர்ச்சி எப்படி எழுகிறது என்று விளக்கும் ஜேம்ஸ்–லாங்கே கோட்பாட்டுக்குக் கேனன்–பார்ட் கோட்பாடு. இந்தப் பத்தொன்பதில் 14 விடைகளுக்குப் பக்கத்தில் 'உறுதி' என்று எழுதியிருந்தார். மறந்துபோனவர் அப்படி எழுத மாட்டார். 'ஊகம்' என்று எழுதுவார், அல்லது விட்டுவிடுவார்.

ஏன் இப்படி

மறதி என்றதும் எல்லாரும் எபிங்ஹாஸிடம் போகிறோம். தன்னையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, ஒரு நாள் கழித்துத் திரும்பக் கற்கும்போது முதல் உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிச்சப்படுகிறது என்று கண்டவர் அவர். காலம் போகப் போக நினைவு உதிர்கிறது என்ற படம் அங்கிருந்துதான் நம் மனத்தில் பதிந்தது. அதற்கு 1957இல் உளவியலர் பென்டன் அண்டர்வுட் செய்த திருத்தத்தைப் பாடநூல்கள் ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அது அந்த அத்தியாயத்திலேயே மிக முக்கியமான பத்தி. அதுவரை வெளியான ஆய்வுகளை அவர் வரிசைப்படுத்திப் பார்த்தார். சோதனைக்கு முன்பு அதே மாதிரியான பட்டியல்களை நிறையக் கற்றிருந்தவர்கள் ஒரு நாளில் பெரும்பகுதியை இழந்திருந்தார்கள். ஒரே ஒரு பட்டியலை மட்டும் கற்றவர்கள் இழந்ததோ ஏறக்குறைய கால்பங்குதான். காலம் இரு தரப்புக்கும் ஒன்றே. ஒன்றைப்போல் ஒன்றிருந்த பழைய பட்டியல்கள்தான் குறுக்கே வந்து நின்றன.

அந்த மாணவியின் பையை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். நான்கு வழிகாட்டி நூல்களும் ஒரே செய்தியை நான்கு விதச் சொற்களில், நான்கு விதக் கலைச்சொற்களில், நான்கு வரிசைகளில் சொல்கின்றன. ஐந்தாவதாக அவருடைய 380 பக்கம். ஆறு மணி நேர உழைப்பில் பெரும்பங்கு, ஒன்றையொன்று குலைக்கும் பட்டியல்களைக் கூட்டிக்கொண்டே போவதில் செலவானது. நினைவில் குறுக்கீடு என்ற தலைப்புக்கு அவரே ஓர் எடுத்துக்காட்டு.

திரும்பத் திரும்ப வாசித்தது இதைத் தீர்க்கவில்லை, மறைத்தது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 விழுக்காட்டை எழுதினார்கள். ஒருமுறை வாசித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 71தான். ஒரு வாரம் போனதும் கணக்கு தலைகீழானது: வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. கோடு போடுவதும் மறுவாசிப்பும் குறைந்த பயன் தருபவை என்று ஜான் டன்லோஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் பத்துப் படிப்பு உத்திகளைச் சீர்தூக்கி எழுதினார்கள். இவை எல்லாம் அந்த மாணவிக்குத் தெரியும். என் மாதிரித் தேர்விலேயே இதைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. சரியாக விடையளித்து 'உறுதி' என்றும் போட்டிருந்தார். அந்த ஆய்வைப் பற்றிய பக்கத்தை ஐந்து முறை வாசித்து, மூன்று நிறத்தில் கோடும் போட்டிருந்தார்.

செய்தவை

முதல் வேலை கழித்தல். மூன்று வழிகாட்டி நூல்களை வீட்டில் ஒரு பெட்டியில் வைத்துக் கட்டச் சொன்னேன். நான்காவதைப் புரட்டியபோது மனநோய் நிர்ணயத்தை ஐந்து அச்சுகளாகப் பிரித்து விளக்கும் அட்டவணை கண்ணில் பட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013இல் ஐந்தாம் பதிப்பாக வந்தபோதே அந்த முறையைக் கைவிட்டுவிட்டது. மனச்சிதைவின் துணைவகைகளும் அத்தோடு போயின. பழைய வழிகாட்டி நூலை இலவசமாகத் தருகிறார்கள் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதுவும் பெட்டிக்குள் போனது. பாடநூல் ஒன்று மட்டும் மேசையில் மிஞ்சியது.

இரண்டாவது, நாங்கள் 'ஜோடி நோட்டு' என்று அழைத்தது. குழம்பும் இரண்டு கருத்துகள் எதிரெதிர்ப் பக்கங்களில். வரையறை எழுதக்கூடாது என்பது விதி. வரையறையை எழுதினால் கை எழுதும், மனம் வேறெங்கோ இருக்கும். அதற்குப் பதிலாக ஒரு சிறு நிகழ்ச்சி. அதில் ஒரே ஒரு விவரத்தை மாற்றினால் விடை எதிர்ப் பக்கத்துக்குத் தாவ வேண்டும்.

முதல் ஜோடிக்கே ஒரு மணி நேரம் ஆனது. மாதிரித் தேர்வில் வந்த வினாவையே எடுத்துக்கொண்டோம். குழந்தை அழுகிறது. தாய் பொம்மையைக் கொடுக்கிறார். அழுகை நிற்கிறது. அடுத்த முறை அழுகை தொடங்கியதுமே தாயின் கை பொம்மைக்குப் போகிறது. தாயின் நடத்தைக்கு நேர்ந்தது என்ன? 'தண்டனை' என்று எழுதி 'உறுதி' போட்டிருந்தார் அவர். எதிர்மறை என்ற சொல்லே அவருக்குக் கெட்டது நடப்பதாக ஒலித்தது; தாய் படும் பாட்டைப் பார்த்தால் தண்டனை மாதிரிதான் தோன்றுகிறது. இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கச் சொன்னேன்: ஏதாவது வந்ததா, போனதா? நடத்தை கூடியதா, குறைந்ததா? அழுகை போனது, பொம்மை கொடுப்பது கூடியது. ஆகவே எதிர்மறை வலுவூட்டல். "அப்படியானால் குழந்தைக்கு?" என்று அவரே கேட்டுக்கொண்டார். பொம்மை வந்தது, அழுவது கூடியது: நேர்மறை வலுவூட்டல். ஒரே காட்சியில் இருவரும் ஒருவரையொருவர் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு அவராகவே விவரத்தை மாற்றினார்: அழுதவுடன் கையிலிருக்கும் பொம்மையைப் பிடுங்கிவிட்டால்? போனது, அழுவது குறைந்தது: எதிர்மறைத் தண்டனை. அந்தப் பக்கத்தில் அவர் நிறப் பேனாவைத் தொடவில்லை என்பதைக் கவனித்தேன்.

மற்ற ஜோடிகளை அவரே எழுதினார், நான் வினவினேன். தீ இல்லாமலே அபாய மணி அடித்தால் முதல்வகைப் பிழை, எரிந்துகொண்டிருந்தும் அடிக்காவிட்டால் இரண்டாம்வகைப் பிழை. எப்போது ஏறி நின்றாலும் இரண்டு கிலோ கூட்டிக் காட்டும் எடைப்பொறி மாறாமல் காட்டுவதால் நம்பகமானது, உண்மை எடையைக் காட்டாததால் ஏற்புடையதன்று. தேர்வுக்கு முன் நோட்டில் 64 ஜோடிகள் இருந்தன.

மூன்றாவது, இடைவெளி. ஒவ்வொரு ஜோடியும் 2 நாள், 7 நாள், 20 நாள் கழித்து, பார்க்காமல் எழுதப்படும். இந்த எண்களில் மந்திரம் ஒன்றும் இல்லை. அவருடைய வேலை நாட்களுக்கு ஏற்றபடி வைத்தவை. தேர்வு தொலைவில் இருந்தால் இடைவெளியும் அகலமாக இருக்கலாம் என்பதுதான் அடிப்படை. நான்காவதாக, அத்தியாய வரிசையைக் கலைத்து வினாக்களைக் கலந்து கொடுத்தேன். டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் கனஅளவுக் கணக்குகளை வைத்துச் செய்த சோதனை இதற்குத் துணை. ஒரு வகைக் கணக்கை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போய்ப் பயின்றவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்த தேர்வில், கலந்து பயின்றவர்கள் 63 விழுக்காடு, வகைப்படி பயின்றவர்கள் 20.

என் தவறு

நான்காம் வாரத்தில் அவர் ஏறக்குறைய விட்டுப் போகும் நிலைக்கு வந்தார். இரண்டாவது மாதிரித் தேர்வில் சரியானவை 25. முன்பைவிட இரண்டு குறைவு. "முன்பு நிறையப் படித்த திருப்தியாவது இருந்தது சார். இப்போது தினமும் எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பார்க்காமல் எழுதுவதன் கசப்பு அது, எதிர்பார்த்ததுதான். ஆனால் முழுக் காரணமும் அதுவன்று. விடைத்தாளைப் பிரித்தபோது சரிவு முழுவதும் புள்ளியியலில் இருந்தது. கலந்து பயின்றால் நல்லது என்ற உற்சாகத்தில், அடித்தளமே இல்லாத பாடத்தையும் நான் கலக்கிவிட்டிருந்தேன். முதலில் தெரிந்திருந்தால்தான் பிறகு குழப்பத்தைப் பிரிக்க முடியும்.

இரண்டு வாரம் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தினோம். 1 முதல் 100 வரை எண்கள் எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டேன். ஐந்து சீட்டு எடுத்து, சராசரியைக் குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். நாற்பது முறை. வரைதாளில் நாற்பது புள்ளிகள் விழுந்தன. பிறகு இருபது இருபதாக எடுத்து இன்னொரு நாற்பது. முதலாவது கூட்டம் பரந்து கிடந்தது. இரண்டாவது ஏறக்குறைய பாதி அகலத்தில் 50ஐச் சுற்றி ஒட்டிக்கொண்டது. சீட்டுகளின் பரவல் திட்ட விலக்கம், அது டப்பாவின் குணம், மாறவே இல்லை. சராசரிகளின் பரவல் திட்டப் பிழை, அது நாம் எத்தனை சீட்டு எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. "நான்கு மடங்கு எடுத்தால் பாதிதான் குறைகிறதா? வர்க்கமூலம் இதற்குத்தானா?" என்று வரைதாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மூன்று ஆண்டுகள் அந்தச் சூத்திரத்தை மனப்பாடமாக எழுதி வந்தவர்.

பி மதிப்பைப் பற்றி (உண்மையில் விளைவே இல்லை என்று வைத்துக்கொண்டால், கிடைத்த அளவோ அதைவிடப் பெரிதோ ஆன முடிவு வரும் நிகழ்தகவு அது) அவர் மனம் உடைந்திருந்த ஒரு நாளில், ஹைக்கோ ஹாலரும் ஸ்டெஃபான் க்ராவுஸும் 2002இல் வெளியிட்டதைச் சொன்னேன். பி மதிப்பு பற்றி ஆறு கூற்றுகள், ஆறும் தவறு. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஆய்வுமுறை கற்பிக்கும் ஆசிரியர்களிலேயே 80 விழுக்காட்டினர் அவற்றில் ஒன்றையாவது சரி என்றார்கள். ஆறுதலுக்காகச் சொன்னேன். "அப்படியானால் வினாத்தாள் எடுப்பவரும் அதில் ஒருவராக இருக்கலாமே" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

மற்றவை சுருக்கமாக. தூக்கம் ஏழு மணி நேரமானது. இரவு ஜோடி எழுதிவிட்டு உடனே படுப்பது என்று வைத்துக்கொண்டார். பதற்றத்தைப் பற்றிப் பேசும்போது, அது ஓரளவு இருந்தால் நல்லது, மிகுந்தால் கெடுக்கும் என்று காட்டப் பயன்படும் யெர்க்ஸ்–டாட்சன் வளைகோட்டை நான் இழுக்கவில்லை. தேர்வுப் பதற்றம் பற்றிய எல்லா அறிவுரையிலும் அது வருகிறது. ஆனால் 1908இல் அவர்கள் செய்தது சுண்டெலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து ஒளி வேறுபாட்டைக் கற்பித்த சோதனை. கட்டுரைத் தாளில் ஒரு வினோதமான பழக்கம் இருந்தது: எந்தக் கேள்வியானாலும் 1879இல் லைப்சிகில் வுண்ட் உளவியல் ஆய்வகம் தொடங்கியதில் ஆரம்பிப்பார். முதல் வரியிலேயே கேள்விக்கு நேரடி விடை என்ற ஒரே விதியில் அது முக்கால்வாசி சரியானது.

முடிவும் அதன் எல்லையும்

பதினெட்டாம் வாரம், மீண்டும் 60 வினாக்கள். சரியானவை 44, தவறானவை 7, விடாமல் எழுதிக்கொண்டிருந்தவர் இம்முறை 9 வினாக்களை விட்டிருந்தார். 'உறுதி' என்று போட்டுத் தவறியவை 2. உண்மைத் தேர்வில் இரு தாள்களிலும் தேறினார். கவனக் குறைபாடு பற்றிய கேள்வியை அவரே பிறகு எடுக்கவில்லை; இரண்டு முறை நான் நினைவூட்டினேன், தேவையில்லை என்றார்.

இதில் எது வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நூல்களைக் குறைத்தோம், தூக்கத்தைக் கூட்டினோம், நோட்டு எழுதினோம், விடைகளை விட்டுவிடப் பழகினோம். எல்லாம் ஒரே காலத்தில். இரண்டாம் முறை எழுதுபவர் எப்படியும் கொஞ்சம் முன்னேறுவார். முதல் மாதிரித் தேர்வை வேலை முடிந்து களைத்து வந்த மாலையில் எழுதினார். மிகத் தாழ்ந்த ஒரு மதிப்பெண்ணுக்கு அடுத்தது சராசரியை நோக்கி ஏறத்தான் செய்யும். ஒற்றை ஆள், ஒப்பீட்டுக் குழு கிடையாது. ஜோடி நோட்டுக்குச் சாதகமாக என்னிடம் இருப்பது ஒரு சிறு தடயம்தான்: கடைசி மாதிரித் தேர்வில் தவறிய ஏழில் ஐந்து, ஒன்றுக்கொன்று குழம்பிய ஜோடிகளே. அந்த ஐந்தும் நோட்டில் இல்லாதவை.

நேர்முகத்தில் அவரை முதலில் கேட்ட கேள்வி: மருத்துவ உளவியலருக்கும் ஆலோசனை உளவியலருக்கும் என்ன வேறுபாடு, நீங்கள் ஏன் முன்னதைத் தேர்ந்தெடுத்தீர்கள்? தட்டுத் தடுமாறி ஏதோ சொன்னாராம். இடம் கிடைத்தது. சேர்க்கை முடிந்த வாரம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். கடைசியாக அறுபத்தைந்தாவது ஜோடி ஒன்று சேர்ந்திருந்தது. இரண்டு பக்கங்களிலும் தலைப்பு மட்டும் இருந்தது. எந்த விவரத்தை மாற்றினால் விடை அந்தப் பக்கம் தாவும் என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்தோம். மாலை வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் எழுந்தார்.